எந்த வழியாக வருகிறது? நீலகிரியிலிருந்து ஒரு கால்நடை மருத்துவரின் கேள்வி பதில்

நீலகிரி மாவட்டத்தில் 31 ஆண்டுகள் கால்நடை மருத்துவராக வேலை பார்த்தவன். மசினகுடி, கூடலூர், கடைசியாகக் கோத்தகிரி. விலங்குக்கும் மனிதருக்கும் இடையே தாவும் நோய்களைப் பற்றி இன்று முழுக்கப் பதில் சொல்கிறேன். நோயின் பெயரைவிட அது எந்த வழியாக வருகிறது என்பதைத்தான் நான் அதிகம் பேசுவேன். வழி தெரிந்தால் அடைக்கலாம்.

மசினகுடி: பட்டியில் ஒரு மாடு நேற்று மாலை வரை மேய்ந்தது, காலையில் செத்துக் கிடக்கிறது. வயிறு உப்பியிருக்கிறது, மூக்கிலும் ஆசனவாயிலும் கறுப்பாக ரத்தம். என்ன நோய் என்று அறுத்துப் பார்க்கலாமா? தோலை விற்கலாமா?

அறுக்காதீர்கள். கத்தியை எடுத்திருந்தால் கீழே வையுங்கள்.

நீங்கள் சொல்வது அடைப்பான் நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆந்த்ராக்ஸ். அந்தக் கிருமி மாட்டின் உடம்புக்குள் இருக்கும்வரை பலவீனமானது. செத்த உடலைத் திறக்காமல் விட்டால் அழுகலிலேயே பெரும்பகுதி அழிந்துவிடும். உடலைத் திறந்து காற்றுப் பட்டால் ஓடு கட்டிக்கொண்டு வித்தாக மாறும். அந்த வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். உங்கள் பேரன் காலத்தில் அதே இடத்தில் புல் மேயும் மாடும் சாகும், யானையும் சாகும். காரணம் தெரிந்துகொள்ள அறுக்கும் அந்த ஒரு வெட்டுதான் நோயை ஊருக்குள் குடிவைக்கிறது.

காரணம் தெரிய வேண்டுமென்றால் காது ரத்தக்குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் போதும். அதைக் கால்நடை மருத்துவர் எடுப்பார், நீங்கள் எடுக்க வேண்டாம். இப்போதே ஆளனுப்புங்கள். நாய், கழுகு, காக்கை அண்டாமல் தார்ப்பாயைப் போட்டு மூடுங்கள். அந்த மாட்டைத் தொட்டது யார் யார் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் வந்து பார்த்த பிறகு மறுபடி எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

குன்னூர்: தெருநாய் என் மகளின் காலில் கீறிவிட்டது. பல் பட்டதா என்று தெரியவில்லை. பக்கத்து வீட்டம்மா காப்பித்தூள் வைத்துக் கட்டச் சொல்கிறார்.

காப்பித்தூள், மஞ்சள், மிளகாய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம் அம்மா. சோப்பு, ஓடும் தண்ணீர், 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம். வெறிநோய்க் கிருமி எச்சிலில் இருக்கிறது, காயத்தின் வழியாக நரம்பைத் தேடிப் போகிறது. நரம்பைப் பிடித்துவிட்டால் மெதுவாக மூளைக்கு ஏறும். மூளையைத் தொட்ட பிறகு மருந்து இல்லை. நரம்பைப் பிடிப்பதற்கு முன்னால் இருக்கும் நேரம்தான் நம்முடையது.

கழுவியதும் அரசு மருத்துவமனை. ஊசியைக் கைத்தசையில் போடுவதென்றால் 0, 3, 7, 14, 28 ஆகிய நாட்களில், தோலுக்குள் போடுவதென்றால் 0, 3, 7, 28. ரத்தம் வந்த காயமென்றால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற உடனடி எதிர்ப்பு மருந்தும் வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். நாயை 10 நாள் கவனிக்கலாம், ஆனால் கவனித்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனியுங்கள். 10 நாள் கழித்தும் நாய் நலமாக இருந்தால் மிச்ச ஊசியை என்ன செய்வது என்று மருத்துவர் சொல்வார்.

உங்கள் ஊரிலேயே பாஸ்டர் நிறுவனம் இருக்கிறது. 1902-ல் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற பெண் வெறிநோயில் இறந்தபோது தென்னிந்தியாவில் சிகிச்சைக்கு இடமே இல்லை. அந்தச் சாவுக்குப் பிறகுதான் 1907-ல் அது குன்னூரில் வந்தது.

என் கதையையும் சொல்கிறேன். 1988-ல் ஒரு பசு வாயில் எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், அடித்தொண்டையில் கத்திக்கொண்டு நின்றது. தொண்டையில் உருளைக்கிழங்கு அடைத்திருக்கும் என்றார்கள். நம் ஊரில் அது நடப்பதுதான். கையுறை இல்லாமல் முழங்கை வரை கைவிட்டுத் தேடினேன். கிழங்கு இல்லை. மூன்றாம் நாள் பசு செத்தது, வெறிநோய். அந்தக் காலத்து ஆட்டு மூளைத் தடுப்பூசி, தொப்புளைச் சுற்றி 14. ஒவ்வொரு நாளும் வீட்டில் யாரும் பேசவில்லை. மாடு விழுங்க முடியாமல் நின்றால் முதலில் வெறிநோயை நினையுங்கள், கையை உள்ளே விடாதீர்கள்.

கோத்தகிரி: எங்கள் வீட்டு நாய்க்கே ஊசி போட்டிருக்கிறோம், அது கடித்தால்?

மேலே குன்னூர் அம்மாவுக்குச் சொன்னதேதான். கழுவுங்கள், மருத்துவமனை போங்கள், நாயின் ஊசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஊட்டி: இவ்வளவு குளிரில் இங்கே மலேரியா வருமா?

கொசுவுக்குள் மலேரியாக் கிருமி வளரச் சூடு வேண்டும். சுமார் 16 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுவிடுகிறது. ஊட்டியில் படுத்திருப்பவர் பெரும்பாலும் கீழே போய் வாங்கி வந்தவர். 1897-ல் ரொனால்டு ராஸ் ஓய்வுக்கு ஊட்டிக்கு வந்தார். மலேரியாவைத் தேடி சீகூர் மலைப்பாதையில் இறங்கினார், அங்கேயே அவருக்கும் மலேரியா வந்தது. அதே ஆண்டு ஆகஸ்ட் 20-ல் சிக்கந்தராபாத்தில் கொசுவின் வயிற்றில் கிருமியைக் கண்டார். கல்லட்டி இறக்கத்தில் போகும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் நினைவுக்கு வருவார். ஒரே மலை, மேலே நோய் இல்லை, சில மணி நேரம் நடந்து இறங்கினால் நோய் இருந்தது.

கூடலூர்: எங்கள் தோட்டத்து அத்தி மரத்தில் பெரிய வௌவால் நூற்றுக்கணக்கில் தொங்குகிறது. நாடுகாணி தாண்டினால் மலப்புறம், அங்கே நிபா. மரத்தை வெட்டிவிடலாமா, பட்டாசு போட்டு விரட்டலாமா?

இரண்டும் வேண்டாம் தம்பி. இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும்.

நிபா பழந்தின்னி வௌவாலில் குடியிருக்கும் கிருமி. அதற்கு அதனால் பெரிய தொந்தரவில்லை. மலேசியாவில் 1998-99-ல் பழமரங்களுக்கு அடியிலேயே பன்றிக் கொட்டகை கட்டினார்கள். வௌவால் கடித்துப் போட்ட பழத்தைப் பன்றி தின்றது, பன்றியிலிருந்து மனிதருக்கு வந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள், சுமார் பத்து லட்சம் பன்றிகளைக் கொன்றார்கள். வங்கதேசத்தில் வழி வேறு: ஈச்ச மரத்தில் கட்டிய பானையில் இரவில் வௌவால் நக்குகிறது, காலையில் அந்தச் சாற்றைக் காய்ச்சாமல் குடிக்கிறார்கள். 2018-ல் கோழிக்கோட்டில் இன்னொரு வழி. முதல் நோயாளிக்குப் பிறகு பெரும்பாலானவர்களுக்கு அது மனிதரிடமிருந்துதான் வந்தது, அதிலும் மருத்துவமனையில். 17 பேர் இறந்தார்கள். வௌவால் மூன்று இடத்திலும் இருந்தது, வழி மூன்று விதம்.

பந்தலூர்: ஐயா, படித்தவர்கள் வௌவாலுக்குப் பரிந்து பேசலாம். என் வீட்டில் இரண்டு பிள்ளைகள். மரமே இல்லையென்றால் வௌவாலும் இல்லை, நோயும் இல்லை. இதில் என்ன தப்பு?

பிள்ளைகளை நினைத்துப் பயப்படுவது தப்பே இல்லை. ஆனால் கணக்கு நீங்கள் நினைப்பது போல வராது. உகாண்டாவில் கிட்டாகா என்ற சுரங்கத்தில் 2007-ல் தொழிலாளிகளுக்கு மார்பர்க் என்ற கொடிய காய்ச்சல் வந்தது, அதுவும் வௌவாலிலிருந்து. சுரங்க வௌவால்களை ஒட்டுமொத்தமாக அழித்தார்கள். சில ஆண்டுகளில் புதிய வௌவால்கள் வந்து குடியேறின. 2012-ல் பக்கத்து ஊரில் மறுபடி நோய். அந்தப் புதிய கூட்டத்தைச் சோதித்தபோது கிருமி உள்ளவை முன்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பழைய கூட்டத்தில் நோய் வந்து தேறி எதிர்ப்புச் சக்தி பெற்றவை நிறைய இருந்திருக்கும். அவற்றை அழித்துவிட்டுப் புதியவற்றுக்கு இடம் கொடுத்தார்கள்.

கோத்தகிரி, மற்றொருவர்: சரியாகச் சொன்னீர்கள் டாக்டர். காட்டில் விதை போடுவதே வௌவால்தான். மரம் வெட்டுகிறவர்களை வனத்துறையிடம் சொல்ல வேண்டும்.

பந்தலூர்: சொல்லுங்கள். உங்கள் கூரைமேல் தொங்கவில்லையே.

இருவரும் கொஞ்சம் பொறுங்கள். புகார் கொடுப்பதால் அவர் பயம் போகாது. ஆஸ்திரேலியாவில் ஹெண்ட்ரா என்ற நிபாவின் நெருங்கிய உறவுக் கிருமியை நெடுநாள் கவனித்திருக்கிறார்கள். காட்டில் பூவும் பழமும் குறைந்து வௌவால் பட்டினி கிடக்கும் காலத்தில்தான் அது அதிகமாகக் கிருமியை வெளியே விடுகிறது, ஊர்ப் பக்கமும் வருகிறது. மரத்தை வெட்டினால் அந்த நிலையைத்தான் நாமே உண்டாக்குகிறோம். பட்டாசு போட்டால் பந்தலூர்க் கூட்டம் கூடலூருக்கும் கூடலூர்க் கூட்டம் பந்தலூருக்கும் போகும்.

பிள்ளைகளுக்காகச் செய்ய வேண்டியது இவை. வௌவால் தொங்கும் மரத்தடியில் மாட்டுக் கொட்டகையோ தண்ணீர்த் தொட்டியோ வேண்டாம், இருந்தால் மாற்றுங்கள். கிணற்றுக்கு வலை, தொட்டிக்கு மூடி. கடிபட்ட கொய்யா, கீழே விழுந்த பழம் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது, மாட்டுக்கும் போடாதீர்கள். நல்ல பழத்தையும் கழுவித் தோல் சீவிக் கொடுங்கள். திறந்த பானையில் இறக்கிய கள் வேண்டாம். செத்த வௌவாலை வெறுங்கையால் தொடாதீர்கள். எல்லை தாண்டிக் காய்ச்சலோடு இருக்கும் சொந்தக்காரரைப் பார்க்கப் போனால் முகக்கவசம் போடுங்கள். 2018-ன் பாடம் அதுதான்.

கூடலூர்: என் தண்ணீர்த் தொட்டி அந்த மரத்தடியில்தான் இருக்கிறது. நாளைக்கே மூடி போடுகிறேன், மரம் இருக்கட்டும்.

நல்லது தம்பி.

முதுமலை அருகிலிருந்து: குரங்கு செத்துக் கிடந்தால் குரங்குக் காய்ச்சலா?

குரங்குக் காய்ச்சல் 1957-ல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் கண்டறியப்பட்டது. பிறகு பந்திப்பூர், வயநாடு வரை வந்தது. பெயரைப் பார்த்துக் குரங்கின்மேல் பழி போடுகிறோம். பரப்புவது உண்ணி. குரங்கும் நம்மைப் போல அதில் சாகிறது. செத்த குரங்கிலிருந்து உண்ணி இறங்கி அந்த இடம் முழுக்கப் பரவும், அதனால் பக்கத்தில் போகாமல் வனத்துறைக்குச் சொல்லுங்கள். டிசம்பர் முதல் மே வரை விறகுக்குப் போகிறவர்கள் முழுக்கால் மூடிய உடை போட்டு, வந்ததும் துணியை வெந்நீரில் அலசிக் குளிக்க வேண்டும். காட்டுக்குள் மாட்டை ஓட்டும்போது வளர்ந்த உண்ணிக்கு நாமே சாப்பாடு கொண்டுபோகிறோம் என்பதையும் நினையுங்கள்.

குன்னூர் எஸ்டேட்: பத்து நாளாகக் காய்ச்சல், இடுப்பில் வலியே இல்லாத கறுப்புப் பொருக்கு.

இன்றே மருத்துவரிடம் அந்தப் பொருக்கைக் காட்டுங்கள். ஸ்க்ரப் டைஃபஸாக இருக்கலாம். புதரில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சி கடித்த இடம் அது. டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் இறங்கும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். பொருக்கு அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் ஒளிந்திருக்கும்; நோயாளி சொல்லாவிட்டால் மருத்துவருக்குத் தெரியாமலே போகலாம்.

ஊட்டி: சுற்றுலா வந்த உறவினரைக் குரங்கு கடித்துவிட்டது, நாய் இல்லையே, ஊசி வேண்டுமா?

வேண்டும். சோப்பு, 15 நிமிடம், மருத்துவமனை. குரங்கை 10 நாள் கவனிக்கும் கணக்கும் கிடையாது.

கோத்தகிரி: பூனை கடித்தால்?

இதற்கும் அதே பதில். நாய், பூனை, குரங்கு, நரி, கீரி எது கடித்தாலும் மேலே உள்ளதைப் படியுங்கள். இனிக் கடிக் கேள்விக்குத் தனியாகப் பதில் எழுத மாட்டேன். எழுதும் நேரத்தில் நீங்கள் காயத்தைக் கழுவலாம்.

கூடலூர்: 2023-ல் முதுமலையில் காட்டுப்பன்றிகள் செத்தனவே, பன்றிக்கறி சாப்பிடலாமா?

அது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல். மனிதருக்கு வராது. பன்றி வளர்ப்பவர் ஓட்டல் கழிவை அப்படியே போடாமல் வேகவைத்துப் போட வேண்டும்.

குன்னூர்: தேயிலைத் தோட்டத்துக்குள் வரும் காட்டெருமையால் எங்கள் மாடுகளுக்கு நோய் வருமா?

எல்லோரும் காட்டிலிருந்து நமக்கு வருமா என்றுதான் கேட்கிறீர்கள், இங்கிருந்து அங்கே போவதைக் கேட்பதில்லை. 1968-ல் முதுமலையில் வெக்கை நோய் காட்டெருமைகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது. அது வீட்டு மாட்டின் நோய். அதை ஒழிக்க நாடு முழுக்க ஊசி போட்டோம். நானும் பட்டி பட்டியாக நடந்து போட்டிருக்கிறேன். 1995-க்குப் பிறகு இந்தியாவில் அது இல்லை, 2011-ல் உலகத்திலேயே இல்லை என்று அறிவித்தார்கள். என் வேலையில் நான் பெருமைப்படும் ஒன்று அது. இன்று அந்த இடத்தில் கோமாரி இருக்கிறது. உங்கள் மாட்டுக்குக் கோமாரி ஊசி போட்டால் காட்டெருமைக்கும் சேர்த்துப் போட்ட மாதிரி. நாய்க்கு டிஸ்டெம்பர் ஊசி போட்டால் ராத்திரி அதைத் தூக்க வரும் சிறுத்தைக்கும் பாதுகாப்பு. 2018-ல் கிர் காட்டில் 23 சிங்கங்கள் செத்தபோது அந்த நாய் நோய்க் கிருமி அங்கே கண்டறியப்பட்டது. 2021-ல் வண்டலூர் சிங்கங்களுக்குக் கோவிட் வந்ததும் தெப்பக்காட்டில் 28 யானைகளுக்குச் சோதனை எடுத்தார்களே, எதற்கு? நம்மிடமிருந்து போய்விடுமோ என்றுதான்.

மசினகுடி: ஐயா, காலையில் எழுதியவன். மருத்துவர் வந்து காதில் ரத்தம் எடுத்தார், அடைப்பான்தான் என்கிறார். குழி தோண்டச் சொல்லிவிட்டார். என் தம்பி காலையில் கையால் மூக்கு ரத்தத்தைத் துடைத்தான்.

தம்பியை இன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள், மாட்டுக்கு அடைப்பான் என்று முதலிலேயே சொல்லச் சொல்லுங்கள். கையில் வலியில்லாத கொப்புளம் வந்து நடுவில் கறுத்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆரம்பத்திலேயே மருந்து கொடுத்தால் குணமாகும்.

குழி ஆறடிக்குக் குறையக் கூடாது, ஓடைப் பக்கம் வேண்டாம். அடியில் சுண்ணாம்பு, மாட்டின் மேலும் சுண்ணாம்பு, ரத்தம் சிந்திய மண்ணையும் சாணத்தையும் சுரண்டி அதே குழியில் போடுங்கள். மாட்டை இழுத்துக்கொண்டு போகாதீர்கள்; வழியெல்லாம் ரத்தம் சிந்தும், கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே தோண்டுங்கள். அந்தப் பட்டியின் சாணத்தை இப்போதைக்குக் கேரளத்துக்கு லாரி ஏற்ற வேண்டாம். மீதி மாடுகளுக்குத் தடுப்பூசி எப்போது என்று மருத்துவரிடம் தேதி வாங்கிக்கொள்ளுங்கள். மூடிய பிறகு முள் போட்டு, நாலு பக்கமும் பெரிய கல் நட்டு வையுங்கள். அந்தக் கல் எதற்கு என்று பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.