மனைவி ரொம்ப சத்தமா குறட்டை விடறாங்க, தூங்கவே முடியல. எப்படி சமாளிக்கிறது?

குறட்டைன்னாலே ஆம்பளைங்க விஷயம்னு ஒரு நெனப்பு இருக்கு, அதனாலேயே நீங்க இத வெளிய கேக்க தயங்கியிருப்பீங்க. என் மனைவியும் விடுவாங்க, பக்கத்து ரூம்ல கதவ சாத்திட்டு படுத்தாலும் கேக்கும். இதுல எங்களுக்கு ஒரு வெக்கமும் இல்ல.

மொதல்ல உங்க காதுக்கு. ஃபோம் இயர்பிளக் ஓரளவு கைகொடுக்கும், ஆனா நெறைய பேர் சும்மா காதோரமா சொருகிட்டு இன்னும் கேக்குதேம்பாங்க. விரல்ல நல்லா ஒல்லியா உருட்டி, இன்னொரு கைய தலைக்கு பின்னாடி கொண்டுவந்து காத மேல இழுத்து புடிச்சுட்டு உள்ள விட்டு, அது விரியற வரைக்கும் அழுத்தி புடிக்கணும். அப்பவும் அந்த உறுமல் முழுசா போகாது, ஃபேன் சத்தமும் சேந்தா சமாளிக்கலாம். அவங்கள ஒருக்களிச்சு படுக்கச் சொல்லுங்க, மல்லாக்க படுத்தா நாக்கு பின்னாடி சரிஞ்சு தொண்டைய அடைக்கும். தூக்க மாத்திரை சிலது தொண்டை தசைய இன்னும் தளர்த்திடும், குடியும் அப்படித்தான்.

இதெல்லாம் உங்க தூக்கத்துக்கு. ஆனா காத அடைச்சுக்கறதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி முழிச்சிருந்து அந்த சத்தம் நடுவுல நிக்குதான்னு பாருங்க, இதுக்காகத்தான் நான் எழுதவே வந்தேன்.

எனக்கு ஒரு ராத்திரி இயர்பிளக் கழண்டு விழுந்து முழிப்பு வந்துச்சு, குறட்டை ஏறிட்டே போய் டக்குன்னு நின்னுச்சு, அப்பாடான்னு கண்ண மூடப் போறேன், பாத்தா அவங்க வயிறு மட்டும் ஏறி ஏறி இறங்குது, மூக்குகிட்ட கைய வச்சா காத்தே வரல. அப்புறம் பெருசா ஒரு இழுப்பு, உடம்பு தூக்கிப் போட்டுச்சு, மறுபடி குறட்டை. அடுத்த தடவை நின்னப்ப ஃபோன்ல ஸ்டாப்வாட்ச் போட்டேன், 20 செகண்ட தாண்டிடுச்சு. காலைல கேட்டா நல்லாத்தான் தூங்கினேன், தல மட்டும் வலிக்குதுங்கறாங்க. பகல் பூரா அசதி, மாத்திரை போட்டும் பிபி இறங்கல, இது எதையும் அதுவரைக்கும் எந்த டாக்டரும் குறட்டையோட சேத்துப் பாக்கல. வெயிட்ட கொறைங்கன்னு மட்டும் சொல்லி அனுப்புவாங்க.

அப்புறம் காது மூக்கு தொண்டை டாக்டர்கிட்ட போய் ஸ்லீப் ஸ்டடி எடுத்தோம். தலைல ஒயர், நெஞ்சுல பெல்ட், மூக்குல ட்யூப், விரல்ல கிளிப், அதோடயே தூங்கணும். மூச்சு நிக்கறது, ரொம்ப கொறையறது ரெண்டையும் எண்ணுவாங்க, 10 செகண்டாவது நீடிச்சா ஒண்ணுன்னு கணக்கு. பெரியவங்களுக்கு மணிக்கு 5க்கு கீழ இருந்தா பயமில்ல, 30 தாண்டினா தீவிரம். இவங்களுக்கு 34. ஸ்லீப் ஆப்னியான்னாங்க, அதாவது தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வர்றது. இப்ப சிபாப் மெஷின் வச்சு தூங்கறாங்க, அது காத்த ஒரே அழுத்தத்துல தள்ளி தொண்டை மூடாம பாத்துக்கும். மொதல்ல மாஸ்க்க பாதி ராத்திரில கழட்டி எறிஞ்சாங்க, மூக்க மட்டும் மூடற சின்ன மாஸ்க்கா மாத்தி ஈரக்காத்து வர்ற மாதிரி வச்சப்புறம் தான் ஒத்துக்கிச்சு. தலைவலி போயிடுச்சு.

குறட்டை விடற எல்லாருக்கும் இது இருக்குன்னு நான் சொல்லல, வெறும் மூக்கடைப்பா கூட இருக்கலாம், பயமுறுத்தறேன்னு யாரும் கெளம்பி வராதீங்க. தனி ரூம்ல படுக்கறதும் தப்புன்னு சொல்லல. டெஸ்ட் பண்ணாம தனி ரூம் போனா அந்த மூச்சு நிக்கறத பாக்க ஆளில்ல, அவங்களுக்கு அது தெரியவே தெரியாது.

இன்னொண்ணு சொல்லியே ஆகணும். எங்க சொந்தக்காரர் ஒருத்தர் இவங்க தூங்கறப்ப வீடியோ எடுத்து ஃபேமிலி குரூப்ல போட்டு சிரிச்சாரு, இவங்க ஒரு வாரம் யார் ஃபோனும் எடுக்கல. தூங்கறவங்க, அழறவங்க, ஆஸ்பத்திரி பெட்ல கெடக்கறவங்க, யாரையும் கேக்காம எடுத்துப் போடற இந்தப் பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சு? எனக்கு இன்னும் ஆறல. நீங்க டாக்டர்கிட்ட காட்ட ரெக்கார்ட் பண்ணா அவங்ககிட்ட சொல்லிட்டு பண்ணுங்க, கூடவே டாக்டர் ரூமுக்குள்ள போங்க, ராத்திரி நடந்தத நீங்க தான் சொல்ல முடியும்.

அப்புறம் வாய்ல டேப் ஒட்டுனா சரியாயிடும்னு வீடியோல சொல்றாங்களே, மூச்சு நிக்கற சந்தேகம் இருந்தா தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணிடாதீங்க.