தோட்டத்தில் இருக்கும் சின்ன மீன் தொட்டிக்கு எந்த மோட்டார், எந்த ஃபில்டர் சரிப்படும்?

நீங்கள் சொன்ன அளவு: 8 அடி நீளம், 5 அடி அகலம், 2 அடி ஆழம், சிமெண்ட் தொட்டி, பதினைந்து மீன். பத்தே நாளில் தண்ணீர் பச்சையாகிவிடுகிறது, கடைக்காரர் மணிக்கு 5000 லிட்டர் தள்ளும் மோட்டார் வாங்கச் சொல்கிறார், வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். அந்தக் காசில் பாதிக்குச் சின்ன மோட்டார் வாங்கிவிட்டு மீதியை, ஃபில்டராக மாற்ற ஒரு நல்ல டிரம்மில் போடுங்கள்.

எங்கள் வீடு காட்பாடி. பின்பக்கம் கிட்டத்தட்ட இதே அளவில் ஒரு தொட்டி நாலு வருடமாக ஓடுகிறது, அதில் முதல் வருடம் முழுக்க நான் தப்புத்தான் செய்துகொண்டிருந்தேன்.

முதலில் கணக்கு. நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி 28.3-ஆல் பெருக்கினால் லிட்டர் வந்துவிடும், உங்களுக்கு ஏறக்குறைய 2265 லிட்டர். மீன் உள்ள தொட்டியில் மொத்தத் தண்ணீரும் ஒன்று முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறை ஃபில்டருக்குள் போய் வந்தால் போதும். அப்படியானால் மணிக்கு 1500 லிட்டர் கிடைத்தாலே தாராளம். ஆனால் பெட்டியில் 1500 என்று போட்டிருக்கும் மோட்டாரை வாங்கிவிடாதீர்கள், அந்த எண் தண்ணீரை ஒரு அடி கூட மேலே ஏற்றாமல் எடுத்த அளவு. பக்கத்திலேயே அதிகபட்ச உயரம் என்று இன்னொரு எண் இருக்கும், அந்த உயரத்துக்குப் போனால் ஒரு சொட்டும் வராது. என்னுடையது பெட்டியில் 3000 லிட்டர், 3 மீட்டர் உயரம். டிரம்மின் வாய் தண்ணீர் மட்டத்திலிருந்து நாலரை அடி மேலே. பத்து லிட்டர் பக்கெட்டை வைத்து ஃபோனில் நேரம் பார்த்தேன், நிறைய 25 நொடி ஆனது, அதாவது மணிக்கு 1440 லிட்டர். பாதிக்கும் கீழே! உயரத்தைத் தண்ணீர் மட்டத்திலிருந்துதான் அளக்க வேண்டும், மோட்டார் எவ்வளவு ஆழத்தில் கிடக்கிறது என்பது கணக்கில் சேராது. ஓஸை மெலிசாகப் போட்டு நாலு எல்போ வைத்தால் இன்னும் குறையும், ஒரு இஞ்ச் ஓஸ் போடுங்கள்.

அப்புறம் டிரம். 100 லிட்டர் நீல டிரம் பழையது கிடைக்கும், ஆனால் அதில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு வாங்குங்கள். நம் பக்கம் தோல் பதனிடும் ரசாயனம் வந்த டிரம்மும் விற்பனைக்கு வரும், அதை எத்தனை தடவை கழுவினாலும் நான் மீனுக்கு வைக்க மாட்டேன். தண்ணீர் டிரம்மின் அடியில் நுழைந்து மேலே ஏறி, மேல் ஓரத்தில் டேங்க் நிப்பிள் (டிரம்மில் துளை போட்டுக் குழாயை மாட்டும் இணைப்பு) வழியாகத் தானாகத் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். உள்ளே வருவது ஒரு இஞ்ச் என்றால் வெளியே போகும் குழாய் இரண்டு இஞ்ச் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒரு நாள் ஒரு இலை அடைத்து, டிரம் வழிந்து, காலையில் தொட்டி காலியாக இருக்கும். இதற்குப் பயந்துதான் மோட்டாரைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் ஒரு பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்திருக்கிறேன், என்ன ஆனாலும் அடியில் ஒரு அடித் தண்ணீர் மிஞ்சும். டிரம்மின் அடியில் திறந்து மூட ஒரு பால் வால்வு (ball valve) கண்டிப்பாக வேண்டும், சேறு அங்கேதான் தங்கும்.

உள்ளே விலை உயர்ந்தது எதுவும் தேவையில்லை. கீழே அழுக்கைப் பிடிக்கப் பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார், அதற்கு மேல் முரட்டு ஸ்பாஞ்ச், அதற்கு மேல் வெங்காய மூட்டை வலையில் கட்டிய உடைந்த கூரை ஓடு. ஓட்டுக்கு என்ன வேலை என்றால், மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் விஷம்தான், இன்னொரு வகை அதை நைட்ரேட்டாக மாற்றும், அது அவ்வளவு ஆபத்தில்லை. இந்த பாக்டீரியா ஒட்டி வளர இடம் வேண்டும், நாலு முதல் ஆறு வாரம் நேரமும் வேண்டும். புதிதாகத் தொடங்கும் தொட்டி என்றால் அதுவரை நாலைந்து மீனுக்கு மேல் விடாதீர்கள்.

இது தெரியாமல் பட்டது: குடியாத்தத்திலிருந்து அப்பா வந்திருந்தார். நான் ஆபீஸ் போன நேரத்தில், "இவ்வளவு கொழகொழப்பா வெச்சிருக்கியேப்பா" என்று டிரம்மில் இருந்த எல்லாவற்றையும் எடுத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, மொட்டை மாடி வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டு, பளபளவென்று திரும்ப அடுக்கி வைத்தார். ஒரு வாரத்தில் பதினாலில் ஒன்பது போய்விட்டது. அவருக்கு இன்றுவரை காரணத்தைச் சொல்லவில்லை. ஸ்பாஞ்சை மட்டும் தொட்டித் தண்ணீரிலேயே ஒரு பக்கெட்டில் பிழிந்து வையுங்கள், ஓட்டைத் தொடாதீர்கள்.

கரண்ட் மிச்சம் பிடிக்க ராத்திரியில் மோட்டாரை நிறுத்துவது அடுத்த தப்பு. பாசியும் செடியும் இரவில் ஆக்சிஜனை இழுப்பதால் விடியற்காலையில்தான் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். வேலூர் கத்திரி வெயிலில் இது இன்னும் மோசம், 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் என்றால் 35 டிகிரியில் 7 தான். 40 வாட் மோட்டார் நாள் முழுக்க ஓடினாலும் ஒரு யூனிட்டுக்குள்தான். கரண்ட் போய் ஐந்தாறு மணி நேரம் ஆகிவிட்டால், திரும்ப ஓடவிடுவதற்கு முன் டிரம்மில் நின்ற தண்ணீரைக் கீழ் வால்வில் திறந்து வெளியே விட்டுவிடுங்கள், அது கெட்டிருக்கும். மோட்டார் லைனில் எர்த்தும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் தண்ணீரில் கை வைக்காதீர்கள்.

சரி, பச்சை. கோட்டை அகழியைப் பார்த்து வளர்ந்த நமக்கு அது புதிதில்லை. அந்தப் பச்சை, தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய பாசி, ஸ்பாஞ்சில் நிற்காது, எவ்வளவு பெரிய மோட்டார் போட்டாலும் போகாது. மேலே பாதி வெயிலை மறைக்கும் பச்சை நிழல் வலை கட்டுங்கள், இரண்டு அல்லிச் செடி வையுங்கள், தீனியைப் பாதியாக்குங்கள். ஒரு மாதம் பார்த்துவிட்டு, அப்படியும் தெளியவில்லை என்றால் மட்டும் ஒரு சின்ன யூவி (புற ஊதா) விளக்கு.

நம் போர் தண்ணீர் உப்பு என்பதால் ஆவியாகிற அளவை மட்டும் ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு வெளியே விட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். நான் டிரம் வால்வைத் திறந்து அந்தச் சேற்றுத் தண்ணீரை அப்படியே வாழைக்கு விடுகிறேன். மோட்டாரின் விசிறியில் வெள்ளையாகப் படிந்தால் வினிகரில் ஒரு மணி நேரம் ஊறப்போட்டுப் பல் பிரஷால் தேய்த்தால் போய்விடும், எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்த வேலை இருக்கிறது.