கூட்டத்துக்கு ஆள் வரலைன்னு கேட்டவருக்கு

வணக்கம்ங்க. போர்வெல் தண்ணி மட்டம் காட்டுற கருவி செஞ்சும், அவிநாசி பக்கம் நீங்க கூட்டுன மூணு கூட்டத்துக்கும் விவசாயிங்க வரலைன்னு எழுதியிருந்தீங்க. மனசு விட்றாதீங்க. மண்டபத்துக்குக் கூப்பிடாம, காலையில பால் சொசைட்டிக்கு நீங்க போங்க. கேனோட எல்லாரும் அங்கதான் நிப்பாங்க. பருவநிலை மாற்றம்னு ஆரம்பிக்க வேண்டாம். ஒருத்தர் தோட்டத்துல கருவியை மாட்டி, மோட்டார் ஓட ஓட மட்டம் இறங்குறதைக் காட்டுங்க.

திருப்பூரைப் பாருங்க. 2011ல ஐகோர்ட் உத்தரவால சாயப்பட்டறைங்க மூடுனப்ப, தனியா சுத்திகரிப்பு வைக்க முடியாத சின்னப் பட்டறைங்க சேர்ந்து நடத்துற பொது சுத்திகரிப்பு நிலையம் வழியாத்தான் மறுபடி ஓடுச்சு. கழிவுல இருந்து தண்ணியையும் உப்பையும் பிரிச்சு திரும்பச் சாயத்துக்கே எடுத்துக்கிறாங்க. தொழில்ல போட்டிக்காரங்க அவங்க! சேராட்டி பொழப்பே இல்லைன்னு ஆனதால சேர்ந்தாங்க.

உங்க ஊர்லயும் அப்படித்தான், பொழப்பு அடி வாங்குனவங்கதான் முதல்ல வருவாங்க. போர்வெல் தண்ணியில்லாம காத்து வாங்குற தோட்டம் யாருதுன்னு சொசைட்டியிலயே கேளுங்க, சொல்லிருவாங்க. அங்கிருந்து ஆரம்பிங்க.