கீழே ஆபீஸ், மேலே குழந்தைகளா? வேண்டாம், மாற்றிப் போடுங்கள்

கேள்வி: சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு காட்பாடியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். இரண்டு வயதில் மகன். என்னைப்போல் லேப்டாப்பும் கைக்குழந்தையுமாகத் தவிப்பவர்கள் வேலூரில் நிறைய. சத்துவாச்சாரியில் மாடி வீடு ஒன்று வாடகைக்கு வருகிறது. கீழே 24 சீட் கோ-ஒர்க்கிங் (பலரும் சீட் வாடகைக்கு எடுத்து உட்கார்ந்து வேலை செய்யும் பொது ஆபீஸ்), மேலே 15 குழந்தைகளுக்குக் காப்பகம் என்று திட்டம். வாடகை 32,000, அட்வான்ஸ் 3 லட்சம், 11 மாத அக்ரிமென்ட். உள்வேலைக்கு 9 லட்சம் ஆகும் என்கிறார்கள். 'சென்ட்ரல் கவர்ன்மென்ட் கிரெச் லைசென்ஸ்' உட்பட எல்லாம் வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் 85,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா? சி.எம்.சி. மருத்துவமனையில் வேலை பார்க்கும் தோழிகள் நைட் டியூட்டிக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வீர்களா என்று கேட்கிறார்கள். என் மாமியார் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் உதவிக்கு வருவார்.

பதில்: 85,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அவர் சொல்கிற பெயரில் ஒரு லைசென்ஸ் கிடையாது. இல்லாத ஒன்றை எப்படி வாங்கித் தருவார்? பார்டர் போட்டு, சிங்க முத்திரை மாதிரி ஏதோ அச்சடித்து, லேமினேட் செய்து தருவார். அதைச் சுவரில் மாட்டிவிட்டு நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். ஒரு குழந்தை விழுந்து கையை உடைத்துக்கொள்ளும் நாளில்தான் அது வெறும் காகிதம் என்று தெரியும்.

இவர்கள் எங்கிருந்து இதைப் பிடிக்கிறார்கள் என்றும் சொல்லிவிடுகிறேன். தாய்மைப் பேறு நலச் சட்டத்தில் 2017-ல் ஒரு திருத்தம் வந்தது. 50 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தர வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்த்து வரலாம் என்றது. இப்போதைய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அதே 50 கணக்குதான். அது ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளியின் கடமை. உங்களிடம் சீட் எடுத்து உட்காருகிற 24 பேரும் உங்கள் ஊழியர்கள் அல்ல. அந்தச் சட்டத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்துகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். சிறு தொழில்களுக்கான 'உதயம்' பதிவுக்கு 5,000 கேட்கிறவரையும் அப்படியே. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் அது இணையத்தில் காசில்லாமல் நீங்களே செய்துகொள்ளும் வேலை.

இனி வீடு. உங்கள் திட்டத்தில் என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். தெருவில் போகிறவர்கள் பார்க்க ஆபீஸ் கீழே, சத்தம் வராமல் குழந்தைகள் மேலே என்று யோசித்திருக்கிறீர்கள். கும்பகோணம் பள்ளித் தீ விபத்தில் 2004 ஜூலை 16-ம் தேதி 94 குழந்தைகளை இழந்தோம். சமையல் கூடத்துத் தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. மாடியில் இருந்த சின்னக் குழந்தைகளுக்கு இறங்க வழியில்லை. இருபது வருடம் கடந்தும் மாடியில் குழந்தைகளை வைக்கிறேன் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது. பெரியவர்கள் படி இறங்கி ஓடுவார்கள். ஒன்றரை வயதுக் குழந்தையை யாராவது தூக்கிக்கொண்டுதான் ஓட வேண்டும். ஓர் ஆயா எத்தனை பேரைத் தூக்குவார்?

ஆகவே கீழே குழந்தைகள், மேலே ஆபீஸ். கீழ்த்தளத்துக்கு இரண்டு வாசல் இருக்க வேண்டும். பின்வாசலைப் பெட்டி அடுக்கி அடைக்கக் கூடாது, பகலில் பூட்டவும் கூடாது. கேஸ் சிலிண்டரும் அடுப்பும் குழந்தைகள் இருக்கும் அறையின் பக்கத்திலேயே வேண்டாம். பாலைச் சுட வைக்க மின் அடுப்பு போதும். இன்வெர்ட்டர் பேட்டரி படிக்கட்டுக்கு அடியில் வேண்டாம், அதுதான் மேலே இருப்பவர்கள் இறங்கும் வழி. மேல்தளத்தில் பாதி தகர ஷீட் என்றால் ஆபீஸுக்கும் ஆகாது. அக்னி நட்சத்திரத்தில் வேலூர்த் தகரத்தின் கீழ் உட்கார்ந்து யாரும் மாதச் சந்தா கட்ட மாட்டார்கள்.

குழந்தைகள் காப்பகங்களுக்கு மத்திய அரசு 2018-ல் வெளியிட்ட குறைந்தபட்ச வழிகாட்டுதல் ஒன்று உண்டு. மூன்று வயதுக்குக் கீழே 10 குழந்தைகளுக்கு ஒரு பணியாளர், அதற்கு மேலே 20 குழந்தைகளுக்கு ஒருவர், கூட உதவியாளர், குழந்தை ஒன்றுக்கு 10 முதல் 12 சதுர அடி என்று அது சொல்கிறது. அது அடிமட்டக் கணக்கு. தவழ்கிற வயதுக் குழந்தைகள் நாலைந்து பேருக்கு ஒருவர் இல்லாமல் ஆரம்பிக்க வேண்டாம். ஒரு குழந்தைக்குத் துணி மாற்றும்போது மற்ற ஒன்பது பேரை யார் பார்ப்பது?

இதை வைத்துச் செலவைப் பாருங்கள். மூன்று பேருக்கு ஆளுக்கு 13,000 சம்பளம் என்று வைத்துக்கொண்டால் 39,000. ஒருவர் லீவு போட்டால் வர மாற்று ஆளுக்கு 6,000. ஆக 45,000. 15 குழந்தைகளும் சேர்ந்துவிட்டால்கூடத் தலைக்கு 3,000 சம்பளத்துக்கே போய்விடும். வாடகை, கரண்ட், பால், பினாயில் எல்லாம் இதற்கு மேல். 'சீட் எடுத்தால் குழந்தைக்கு 1,500 மட்டும்' என்று நோட்டீஸ் அடிக்கும் எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். வேலூரில் மேஜை நாற்காலி யார் வேண்டுமானாலும் போடலாம். உங்களிடம் வருகிறவர் கீழே இருக்கும் அறைக்காகத்தான் வருகிறார். அதற்கு உரிய விலையைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

11 மாத அக்ரிமென்டுக்கு வருகிறேன். எத்தனை முறை எழுதினாலும் ஊரில் இந்தப் பழக்கம் போகவில்லை. 11 மாதம் என்று எழுதினால் பதிவு வேண்டாம், செலவு மிச்சம் என்று புரோக்கர் சொல்வார். வாடகை உறவுகளுக்கான தமிழ்நாட்டின் 2017-ம் ஆண்டுச் சட்டம் வந்தபின் எழுதிய ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். 11 மாதமானாலும் இதே விதிதான். ஆனால் உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. 9 லட்சம் போட்டுச் சுவருக்கு மெத்தை அடித்து, குட்டி டாய்லெட் கட்டி, மேலே கேபிள் இழுத்த பிறகு பன்னிரண்டாவது மாதம் ஓனர் வந்து, "என் பையன் துபாயிலிருந்து வர்றான், காலி பண்ணுங்க" என்பார். அல்லது வாடகை 45,000 என்பார். என்னிடம் வந்த ஒருவருக்கு இதேதான் நடந்தது. தச்சருக்குக் கொடுக்க வாங்கிய கடனை மூன்று வருடம் கட்டினார், கடை ஒரு வருடம்கூட நடக்கவில்லை. குறைந்தது ஐந்து வருடத்துக்கு எழுதுங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். ஐந்து வருடத்துக்கு ஓனர் காலி செய்யச் சொல்லக் கூடாது, நீங்கள் மூன்று மாத நோட்டீஸில் விலகலாம், வாடகை ஏற்றம் வருடத்துக்கு இத்தனை சதவீதம்தான் என்று எழுத்தில் வரட்டும். அதற்கு முன்னால் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். வீடு பேங்கில் அடமானத்தில் இருந்தால் உங்கள் ஐந்து வருடம் பேங்க்காரருக்கு ஒரு பொருட்டல்ல.

ஓனர் இன்னொன்றும் சொல்வார்: "கரண்ட் கனெக்‌ஷன் என் பேரிலேயே இருக்கட்டும், வீட்டு கனெக்‌ஷன்தான், நூறு யூனிட் ஃப்ரீ." ஒத்துக்கொள்ளாதீர்கள். வீட்டு இணைப்பில் வியாபாரம் நடத்தினால் 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம் 126-வது பிரிவின்படி உரிய கட்டணத்தைப்போல் இரண்டு மடங்கு கேட்பார்கள். எப்போதிலிருந்து என்று தெரியாவிட்டால் 12 மாதத்துக்குச் சேர்த்துக் கேட்பார்கள். பில் அவர் பெயரில் வரும், பணம் உங்கள் அட்வான்ஸில் கழியும். வணிக இணைப்புக்கு மாற்றித் தருவது ஓனர் பொறுப்பு என்றும் அதே ஒப்பந்தத்தில் எழுதுங்கள். வீடு என்று கட்டிய கட்டடத்தை வணிகத்துக்கு மாற்றுவதற்கு மாநகராட்சியில் வேலை இருக்கிறது, சொத்து வரியும் மாறும். அதை யார் கட்டுவது என்பதையும் இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

அனுமதிகள் பற்றிச் சுருக்கமாக: மாநகராட்சியின் தொழில் உரிமம், தீயணைப்புத் துறையின் சான்று, குழந்தைகளுக்குக் கல்வித் துறையின் ப்ளே ஸ்கூல் அங்கீகாரம். தமிழ்நாட்டில் ப்ளே ஸ்கூல்களுக்கு 2015-லிருந்து தனி விதித் தொகுப்பு இருக்கிறது. 'நாங்கள் சும்மா பார்த்துக்கொள்கிறோம், பள்ளிக்கூடம் அல்ல' என்று பலர் தப்பிக்கப் பார்க்கிறார்கள். பாட்டும் எழுத்தும் சொல்லிக்கொடுத்துக் கட்டணம் வாங்கினால் போர்டில் என்ன பெயர் இருந்தாலும் கேள்வி வரும். விண்ணப்பித்துவிடுங்கள். முதல் அலுவலகம் இரண்டாவது அலுவலகத்தின் சான்றைக் கேட்கும். இரண்டாவது அலுவலகம் முதலாவதின் சான்று எங்கே என்று கேட்கும். ஆன்லைனில் போட்டால் 'பரிசீலனையில்' என்றே மாதக்கணக்கில் நிற்கும். தாய்மார்கள் வேலைக்குப் போக வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள், ஒரு காப்பகம் திறக்க ஒரே மேஜையில் எல்லாத் தாளையும் வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யட்டும். அது நடக்கும்வரை ஒவ்வொரு மனுவுக்கும் ஒப்புகைச் சீட்டு வாங்கிக் கோப்பில் வையுங்கள். அந்த இழுபறியில்தான் 85,000 கேட்கும் ஆட்கள் பிழைக்கிறார்கள்.

ஜி.எஸ்.டி. பற்றிப் பயம் வேண்டாம், ஆனால் கூட்டிப் பாருங்கள். 24 சீட்டும் 4,500-க்குப் போனால் வருடம் 12,96,000. 15 குழந்தைகளுக்கும் 4,500 என்றால் 8,10,000. இரண்டும் ஒரே பான் கார்டில் இருந்தால் 21,06,000. சேவைத் தொழிலுக்கான 20 லட்சம் வரம்பைத் தாண்டிவிட்டீர்கள். சீட் வாடகைக்கு 18 சதவீதம். இரண்டையும் ஒரே 'பேக்கேஜ்' ஆக விற்காமல் தனித்தனி பில் போடுங்கள்.

திறந்த முதல் மாதமே ஒருவர் போன் செய்வார். "மேடம், சீட்டே வேண்டாம், உங்க அட்ரஸ் மட்டும் போதும், ஜி.எஸ்.டி. எடுக்கணும், பத்து கம்பெனி இருக்கு, வருஷத்துக்கு ஆளுக்கு 6,000 தர்றோம்" என்பார். உட்கார ஆளில்லை, வருமானம் வருகிறது, சபலம் தட்டும். போலி பில் போடும் கும்பல்களுக்கு வேண்டியது இப்படி ஒரு முகவரிதான். அதிகாரி தேடி வரும்போது அந்தப் பத்துப் பேரும் இருக்க மாட்டார்கள். நீங்களும், கீழே தூங்கும் 15 குழந்தைகளும்தான் இருப்பீர்கள். முகம் பார்க்காத ஒருவருக்கும் முகவரி தராதீர்கள்.

அதேபோல், சிகிச்சைக்காக வெளிமாநிலத்திலிருந்து வந்து லாட்ஜில் வாரக்கணக்கில் தங்கும் குடும்பங்கள் தோட்டப்பாளையம் பக்கம் நிறைய. கூட வந்தவர் நாள் வாடகைக்குச் சீட் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள், அவர்களுக்கும் உதவி. ஆனால் ஒரு நாளைக்கு மட்டும் என்று குழந்தையை எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குழந்தையின் உடம்பும் பழக்கமும் உங்களுக்குத் தெரியாது, முகம் தெரியாத இடத்தில் அதுவும் நாள் முழுக்க அழும்.

நைட் டியூட்டி விஷயம். சி.எம்.சி. செவிலியர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். இருந்தாலும் முடியாது என்றுதான் சொல்ல வேண்டும். பகலில் விட்டுப் போகும் குழந்தை வேறு, இரவு தங்கும் குழந்தை வேறு. தங்க வைத்தால் பெண்கள், குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் பற்றிய தமிழ்நாட்டின் 2014-ம் ஆண்டுச் சட்டத்துக்குள் இழுக்கப்படுவீர்கள். அதற்கு மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும், இல்லாமல் நடத்துவது குற்றம். ஒரு குழந்தைதானே, ஒரு ராத்திரிதானே என்றுதான் ஆரம்பிக்கும். ஆம்பூரிலிருந்து வரும் அப்பா பஸ் கிடைக்காமல் ஒன்பதரைக்கு வருவார். அடுத்த வாரம் பத்தரை. அதற்கடுத்த வாரம், "தூங்கிட்டான்ல, காலையிலேயே வந்து எடுத்துக்கறேனே" என்பார். அன்றோடு நீங்கள் விடுதி நடத்துகிறீர்கள். ஏழு மணிக்குக் காப்பகம் மூடும், அதன்பின் அரைமணிக்கு இத்தனை ரூபாய் என்று சேர்க்கும் படிவத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். அப்படியும் ஒருவர் தாமதமானால், குழந்தை போகும்வரை பணியாளர்கள் இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் போதாது. எட்டு மணிக்குள் யாரும் வராவிட்டால் கூப்பிட வேண்டிய இரண்டாவது, மூன்றாவது ஆளின் பெயரும் போட்டோவும் படிவத்தில் இருக்கட்டும். போட்டோவில் இல்லாத சித்தப்பா வந்தால், அம்மாவிடம் போனில் கேட்காமல் குழந்தையைக் கொடுக்கக் கூடாது. நைட் டியூட்டி முடித்து வரும் தோழிகள் பகலில் தூங்குவதற்காகக் காலை ஏழு மணியிலிருந்து பார்த்துக்கொள்ளலாம், அதற்குத் தடையில்லை.

வேலைக்கு வைக்கும் எல்லோருக்கும், டிரைவர், வாட்ச்மேன் உட்பட, தமிழ்நாடு காவல்துறையின் இணையதளத்தில் போலீஸ் சரிபார்ப்புக்கு விண்ணப்பியுங்கள். தெரிந்தவர் சொன்ன ஆள் என்று விட்டுவிடாதீர்கள்.

உங்கள் மாமியாரைப் பற்றிக் கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் திட்டத்தின் முதல் வரியே அவர்தான். காப்பகப் பொறுப்பாளராக அவரை எழுதுங்கள், மாதச் சம்பளம் அவர் வங்கிக் கணக்குக்குப் போகட்டும், வீட்டு மனுஷிதானே என்று கணக்கில் விடாதீர்கள். அவருக்கு அடுத்தபடியாக ஒருவரைப் பழக்குங்கள். அவருக்கு முழங்கால் வலி வரும் நாளும் இருக்கும். அட்வான்ஸ் கொடுக்கும் முன் அவரை அந்த சத்துவாச்சாரி வீட்டுக்குக் கூட்டிப்போய் ஒரு மணி நேரம் சுற்றிப் பார்க்க விடுங்கள். சம்ப் மூடி ஆடுகிறதா, பின்கட்டுக் கிணற்றுக்குக் கம்பி போட்டிருக்கிறதா, கேட்டின் கொக்கி குழந்தை கைக்கு எட்டுகிறதா என்பதெல்லாம் எனக்கும் உங்களுக்கும் முன்னால் அவர் கண்ணில்தான் படும்.