மரம் ஏன் காலிஃப்ளவர் ஆகிறது?

கேள்வி: வங்கியில் வேலை. மாலை ஐந்தரைக்கு மேல் தெருமுனையில் உட்கார்ந்து ஒரு தூங்குமூஞ்சி மரத்தை வாட்டர்கலரில் வரைகிறேன். ஒரு மணி நேரத்தில் நிழல் எங்கோ போய்விடுகிறது. பச்சை சேறாகி, மரம் காலிஃப்ளவர் மாதிரி ஆகிவிடுகிறது. 24 டியூப் செட் வாங்கினால் சரியாகும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கோளாறு டியூப்பில் இல்லை, கடிகாரத்தில் இருக்கிறது. அந்த மரத்துக்குப் பெயரே தூங்குமூஞ்சி. பொழுது சாயும்போது சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மடங்கிக்கொள்ளும். நீங்கள் உட்காரும்போது அடர்த்தியாக இருந்த குடை, எழுந்திருப்பதற்குள் சல்லடையாகிவிடும். ஒரே தாளில் இரண்டு மரம் வரைகிறீர்கள். ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் போய் உட்காருங்கள். வெயில் அப்போதும் நகரத்தான் செய்யும். அதனால் முதல் பத்து நிமிடத்தில் நிழலின் எல்லையைப் பென்சிலால் குறித்துவிடுங்கள். பிறகு அது எங்கே போனாலும் துரத்த வேண்டாம். தாளை மட்டும் நிழலில் வையுங்கள். வெயில் பட்ட வெள்ளைத் தாளில் எல்லாமே வெளிறித் தெரியும். அதை நம்பி அழுத்திப் பூசினால் வீட்டுக்குள் படம் இருண்டு கிடக்கும்.

காலிஃப்ளவர் வருவது, ஒவ்வொரு கொத்துக்கும் தனியாகக் கோடு போட்டு அடியில் ஒரே அளவு இருட்டு வைப்பதால். கண்ணைச் சுருக்கிப் பாருங்கள், மூன்று நான்கு பெரிய திரள்தான் தெரியும். தூங்குமூஞ்சியில் குடையின் அடிப்பக்கம் ஒரே அகலமான இருட்டு, கிளைகள் அதன் குறுக்கே ஓடும். இலை நடுவே தெரியும் வானத் துளைகளை வானத்தைவிட ஒரு பிடி மங்கலாக வையுங்கள். இல்லையென்றால் சீரியல் பல்பு தொங்குவது போல இருக்கும்.

தென்னைக்கு இந்தத் திரள் கணக்கு ஒத்துவராது. அப்படி வரைந்தால் துடைப்பம்தான் வரும். அங்கே மட்டை மட்டையாகத்தான் போக வேண்டும்: நடுக்குருத்து நிமிர்ந்து, அடுத்தவை பக்கவாட்டில், பழுத்தவை மரத்தோடு ஒட்டித் தொங்கி. ஒவ்வொரு மட்டைக்கும் முதலில் நடுத்தண்டு ஒரே வளைவு. உங்களை நோக்கி நீளும் மட்டை குட்டையாகத் தெரியும், ஓலை இரு பக்கமும் கூரை போலச் சரியும். எல்லாரும் அதையும் நீளமாகவே போடுகிறார்கள், தலை தட்டையாகிவிடுகிறது. பனை அப்படியில்லை, அதன் தலை உருண்டை, ஓரம்தான் கிழிசல்.

பச்சைக்கு மூன்று டியூப் போதும்: லெமன் யெல்லோ மூன்று பங்கு, அல்ட்ராமரின் நீலம் ஒரு பங்கு, பளபளப்பை அடக்கத் துளி பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு. இருட்டுக்கு நீலத்தையும் சியன்னாவையும் கூட்டித் தண்ணீரைக் குறையுங்கள். முதல் பூச்சு காயுமுன் அடுத்தது விழுந்தால் சேறுதான். புறங்கையை வைத்துப் பாருங்கள். சில்லென்றால் இன்னும் ஈரம். ஐப்பசியில் இதற்குப் பொறுமை வேண்டும்.

செட்டுக்கு வைத்திருக்கும் பணத்தைத் தாளில் போடுங்கள். ஆனால் ஏமாற்று அதிகம் நடப்பதும் அங்கேதான். 200 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாளை வெட்டி அடுக்கி, 300 என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறார்கள். மளிகைக் கடைத் தராசு போதும்: ஏ4 அளவில் பத்துத் தாள் 187 கிராம் அளவில் நிற்க வேண்டும். 125 காட்டினால் அது 200தான். மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உடனே உறிஞ்சினால் கோந்துப் பூச்சு போன தாள், கடை ஈரத்தில் வருடக்கணக்காகக் கிடந்தது. பூசினால் புள்ளி புள்ளியாக இருளும். “ஹேண்ட்மேட்” என்ற சொல்லுக்கு மட்டும் காசு கொடுக்காதீர்கள்.

பூங்காவில் வரையப் போனால் இன்னொரு தொல்லை. கைபேசியில் நூறு படம் எடுப்பவரை விட்டுவிட்டு, தாளோடு உட்கார்ந்தவரிடம் “பர்மிஷன் லெட்டர் எங்கே?” என்பார் காவலாளி. யார் தருவார்கள் என்று கேட்டால் அவருக்கும் தெரியாது, அலுவலகத்துக்கும் தெரியாது. மூன்றுகால் ஸ்டாண்டைப் பார்த்தால்தான் அந்தக் கேள்வியே பெரும்பாலும் வரும். மடியில் ஏ5 பேடு, சட்டைப் பையில் ஒரு பிரஷ் என்று போங்கள்.