மின்துறையில் தரவைச் சேர்ப்பது கஷ்டமா, புரிந்துகொள்வது கஷ்டமா?

புரிந்துகொள்வதுதான். சேர்ப்பதற்குக் காசு இருந்தால் போதும்.

யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு சில சூரிய மின், காற்றாலை நிலையங்களின் தரவைப் பார்ப்பது என் வேலை. பெயர்கள் வேண்டாம். எனக்கு அதிகம் தலையிடி தந்த எண் எது என்று கேட்டால் பூச்சியம் என்பேன்.

நல்ல வெயில், மதியம் 12 மணி, பனல் தரும் மின்சாரத்தை லைனுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வேட்டர் ஒன்று 0 கிலோவாற் காட்டுகிறது. பழுதா? அந்த நாள் 2025 பெப்ரவரி 9 என்றால் பழுதில்லை. பாணந்துறை துணைமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடு முழுக்கக் கரன்ட் போன ஞாயிற்றுக்கிழமை அது. லைனில் மின் இல்லாவிட்டால் இன்வேட்டர் தானாக நின்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை செய்கிறவருக்கு அடித்துவிடும். அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்தேவை குறைவு என்பதால், கூரைச் சூரிய மின்கலங்களைப் பிற்பகல் 3 மணி வரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டது. அதுவும் 0. 2022 மின்வெட்டுக் காலத்திலும் 0. ரவுட்டரில் போட்ட சிம்முக்கு டேட்டா முடிந்தாலும், சில மென்பொருட்கள் வெற்றிடமாக விடாமல் 0 என்றே எழுதிவிடும். நான்கு காரணங்கள், தரவுத்தளத்தில் ஒரே எண். ஏன் என்று எழுத அங்கே ஒரு கட்டமே இல்லை.

இதிலும் மோசம், பார்க்கச் சரி போலவே இருக்கும் பிழை. ஒரு நிலையத்தின் உற்பத்தி ஒரு குறிப்பிட்ட நாளிலிருந்து சரி பாதியாகிவிட்டது. பனல்களில் தூசி, கேபிள் பழுது என்று இரண்டு கிழமை அலைந்தோம். கடைசியில் அங்கே நெடுநாள் வேலை செய்யும் அண்ணை ஒருவரிடம் கேட்டேன். "அது தம்பி, சீ.ரீ. மாத்தினது. கொப்பியில கிடக்கு" என்றார். சீ.ரீ. என்பது பெரிய மின்னோட்டத்தை மீற்றர் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைத்துக் கொடுக்கும் சாமான். முன்பு 200க்கு 5, அதாவது மீற்றர் காட்டுவதை 40ஆல் பெருக்க வேண்டும். புதியது 400க்கு 5, ஆகவே 80ஆல். எங்கள் மென்பொருள் 40ஐயே பிடித்துக்கொண்டு நின்றது. சரியான பதில் ஒரு சி.ஆர். கொப்பியில், நீல மையில், திகதியோடு இருந்தது.

நேரமும் அப்படித்தான். சில கருவிகள் இலங்கை நேரம் பதியும், சில உலக நேரம். இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டால் சூரியன் காலை 6.40க்கு உச்சிக்கு வரும். இங்கே அது 12.10 அளவில் வரவேண்டும் என்று தெரிந்தவனுக்கு ஐந்தரை மணித்தியாலப் பிழை உடனே கண்ணில் படும். பழைய பதிவுகளைத் தோண்டுகிறவர்களுக்கு இன்னொரு கூத்து: இலங்கை 1996இல் இரண்டு தடவை, 2006இல் ஒரு தடவை மணிக்கூட்டை மாற்றியது.

சராசரியிலும் கவனம். இடம் மிச்சம் பிடிக்க, பல தரவுத்தளங்கள் மதிப்பு மாறினால் மட்டுமே பதியும். காற்றாலை நாள் முழுக்கச் சும்மா நின்று ஒரு மணித்தியாலம் மட்டும் சுழன்றால், நின்றதற்கு ஒன்றிரண்டு வரியும் சுழன்றதற்கு நூற்றுக்கணக்கான வரிகளும் கிடைக்கும். வரிகளைக் கூட்டி வகுத்தால் அது ஓடாத ஓட்டம் ஓடியதாக வரும். ஒவ்வொரு மதிப்பும் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

செயற்கை நுண்ணறிவு உதவாதா? உதவும், ஆனால் அதற்கும் ஊர் தெரிய வேண்டும். நாங்கள் போட்ட எச்சரிக்கை நிரல் ஒரு ஒக்டோபரில் 'காற்றாலை பழுது' என்று மின்னஞ்சலாக அனுப்பித் தள்ளியது. அதே அண்ணை சிரித்தார்: "சோளகம் விட்டு வாடை பிடிக்கிற இடைவெளி இது. காத்து எங்க இருக்கு?" சோளகம் தென்மேற்குக் காற்று, வாடை வடகிழக்குக் காற்று. நாங்கள் நிரலுக்குக் கொடுத்த பயிற்சித் தரவு முழுவதும் சோளகக் காலத்துடையது. பிழை நிரலில் இல்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது, முதல் மூன்று மாதம் எந்தக் கணிப்பு மாதிரியும் (மொடல்) கட்டவேண்டாம். ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு என்ன, பெருக்கி என்ன, எந்த மணிக்கூடு, கடைசியாக யார் கைவைத்தது என்று ஒரு பட்டியல் போடுங்கள். சலிப்பான வேலைதான். மேலதிகாரிக்குக் காட்டவும் ஒன்றும் இருக்காது.

அந்த அண்ணை அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். அவரிடம் பதினொரு கொப்பிகள் இருக்கின்றன. நான் இதுவரை நான்கைத்தான் தட்டச்சு செய்திருக்கிறேன்.