அட்டைப்படத்துக்கு ஏங்கிய பாட்டு

கேள்வி: என் தம்பி மகன் கும்பகோணம் பக்கத்தில் ஒரு வித்துவானிடம் நாகசுரம் பயில்கிறான். அரங்கேற்றம் ஆவதற்கு முன்பே கோயில் திருவிழாச் சுவரொட்டியில் தன் படம் வர வேண்டும் என்று அடம் பிடிக்கிறான். இந்த ஆசையைக் கேலி செய்யும் ஆங்கிலப் பாட்டு ஒன்று உண்டாமே, அது என்ன?
- வாசகர், திருவிடைமருதூர்

பதில்: அமெரிக்க ராக் குழுவான டாக்டர் ஹூக் 1972ஆம் ஆண்டில் பாடி வெளியிட்ட ‘தி கவர் ஆஃப் ரோலிங் ஸ்டோன்’ என்ற பாட்டைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். சிறுவர் நூல்களாலும் பெயர்பெற்ற ஷெல் சில்வர்ஸ்டைன் அதை எழுதினார். பணமும் கைதட்டலும் வேண்டிய மட்டும் கிடைத்துவிட்ட பாடகர்கள், ‘ரோலிங் ஸ்டோன்’ என்ற அமெரிக்க இசை இதழின் அட்டையில் தங்கள் படம் வரவில்லையே என்று புலம்புவதுதான் பாட்டின் பொருள்; வந்தால் தாய்க்கென்று ஐந்து பிரதிகள் வாங்குவார்களாம். பாட்டு அமெரிக்கத் தரவரிசையில் 6ஆம் இடம் வரை ஏறியது. 1973 மார்ச் 29ஆம் தேதியிட்ட இதழின் அட்டையிலும் அவர்கள் இடம்பெற்றார்கள். ஆனால் அச்சானது புகைப்படமன்று, கேலிச்சித்திரம். அதன்கீழ் குழுவின் பெயரைக்கூடப் போடாமல், ‘பெயர் என்னவோ, அவர்கள்’ என்ற பொருளில் ஒரு வரியைப் போட்டிருந்தார்கள்.

அந்தப் பாட்டில் என்னை உறுத்தும் இடம் வேறு. தங்களிடம் இருப்பவற்றை அடுக்கிக்கொண்டே வரும் பாடகர்கள், அசல் இந்திய குரு ஒருவரும் தங்களுக்கு உண்டு என்கிறார்கள். அங்கே குருவும் உடைமைகளில் ஒன்றாகிவிடுகிறார். காவிரிக் கரையில் குரு என்பவர் அப்படியல்லர். அவர் வீட்டில் தங்கி, விடியற்காலையில் எழுந்து சாதகம் என்னும் பயிற்சி செய்து, கச்சேரிகளில் அவருக்குப் பின்னால் நின்று சுருதிக்கான ஒத்து என்ற குழலை ஊதி, அவர் சரியென்று தலையசைக்கும் நாளுக்காகக் காத்திருந்தவர்களால்தான் நாயனம் இந்த மண்ணில் தழைத்தது.

கலைஞன் தனக்குரிய இடத்தைக் கேட்பதையும் நான் குறைகூற மாட்டேன். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்ட திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளை, நாகசுரக்காரருக்கும் மேடையில் சமமான மரியாதை வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்காதவர். அவர் அதைக் கேட்டபோது அவர் வாசிக்கும் தோடி ராகம் ஏற்கெனவே ஊரெல்லாம் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. பையன் கேட்கும் படத்துக்கும் அவர் கேட்ட மரியாதைக்கும் உள்ள தொலைவு அவ்வளவுதான்; ஆனால் அது பல ஆண்டுச் சாதகத்தின் தொலைவு.

ஆசைப்பட்டதற்காக அவனைக் கடிந்துகொள்ள வேண்டாம். படம் போடலாமா என்பதை நீங்களும் முடிவுசெய்யாமல், தாம்பூலத் தட்டுடன் சென்று அவனுடைய குருநாதரிடமே கேளுங்கள்; அரங்கேற்றத்துக்கு நாள் குறிக்கப்போகிறவர் அவர்தானே.